நேரில் பார்த்தவர்

செலின் டீச்சரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் அவரைவிட மூத்தவர் கோமதிநாயகம் ஒருவர்தான். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவருடைய மகள் வயது.

டீச்சர் இணையத்தில் ஒரு டைரக்டரி நடத்திவந்தார். வைத்தியத்துக்காக வெளியூர் போகிறவர்கள் செலவில்லாமல் தங்க எந்த ஊரில் எந்த விடுதி இருக்கிறது, அதன் இணையதளம் எது என்று திரட்டித் தரும் பக்கம் அது. நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடக்கிறவர்களுக்காக ஆரம்பித்தது.

விடுதிகள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்வதைக் கோமதிநாயகம் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்தார். கட்டிலை அசைத்தார். குழாயைத் திறந்தார். சரியாக இருந்தால் டைரக்டரியில் அந்தப் பெயருக்குக் கீழே, ‘நேரில் பார்த்து உறுதி செய்தவர்: கோமதிநாயகம்’ என்று போட்டார். டீச்சர் தடுக்கவில்லை.

பிறகு டீச்சர் டைரக்டரியில் செய்தியோடைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். கணினிக்காரர்கள் ஆர்.எஸ்.எஸ். என்று சொல்வது அதைத்தான். ஒரு விடுதி தன் தளத்தில் புதிதாக ஒரு வரி எழுதினால் போதும். யாரும் கைவைக்காமலே அந்த வரி டைரக்டரியில் அந்த விடுதியின் பெயருக்குக் கீழே வந்து நிற்கும்.

கோமதிநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை.

“எழுதறது யாரு?”

“விடுதிக்காரங்க.”

“சரிபார்க்கறது யாரு?”

“யாரும் இல்ல. நேரா வந்துடும்.”

“கதவைத் திறந்து போட்டுட்டு தூங்கப் போற மாதிரி இருக்கு, டீச்சர். இந்த ஓடையால என்ன பிரயோஜனம்?”

டீச்சர் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“இதுல யார்மேல உங்களுக்கு அதிகமா சந்தேகம்?”

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். ஆறுதல் இல்லம். அதன் ஓடையில் அன்று காலை வந்த வரி: ‘நாலு கட்டில் காளி. தண்ணி லாரி வரல.’ அதற்கு முன்பு வந்தது: ‘மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிச்சிருக்கு. ரெண்டு நாளைக்கு யாரும் வராதீங்க.’

“தன் குறையைத் தானே எவனாவது தமுக்கடிப்பானா? சின்னக் குறையைச் சொல்றவன் பெரிசா எதையோ மறைக்கிறான். ‘காலி’ன்னு எழுதத் தெரியாம ‘காளி’ன்னு எழுதறதும் நடிப்பு. பாவம், படிக்காதவங்கன்னு நாம நம்பணும்ல?”

“சந்தான விலாசம்?”

அதுவும் அதே ஊர் விடுதிதான். கோமதிநாயகத்தின் முகம் தெளிந்தது.

“அவங்களுக்கு ஓடையே கிடையாது. வளவளன்னு பேச மாட்டாங்க. நான் நேர்ல பார்த்த இடம். தரையில முகம் பார்க்கலாம். டிரஸ்டியே வந்து காபி கொடுத்து உபசரிச்சார்.”

“அப்ப சந்தேகம் இருக்கிற இடத்துக்கே போய்ட்டு வாங்க சார். சொல்லிட்டுப் போகாதீங்க.”

மறுநாள் காலை ரயிலில் கிளம்பினார். வழியில் போனைத் திறந்தபோது ஆறுதல் இல்லத்தின் புதிய வரி வந்திருந்தது. ‘இன்னிக்கி கட்டில் இல்ல. லாரியும் வரல.’

வேண்டியவர்களுக்கு ஒதுக்கிவைத்துக்கொண்டு ஊருக்கு இல்லை என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

விடுதியைப் பார்த்துக்கொண்டவள் பொன்னுத்தாயி என்ற பெண். தெருமுனைக் குழாயிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். கோமதிநாயகம் தன் பெயரைச் சொல்லவில்லை. சொந்தக்காரர் ஒருவருக்கு இடம் தேடுவதாகச் சொன்னார்.

“இன்னிக்கி இல்லைன்னு காலையிலயே சொல்லிட்டேனே சார். போன்ல பாக்கலையா?”

“பார்த்தேன். அதுல காளி காளின்னு போடறீங்களே, அது என்ன?”

“நான் எங்க போடுறேன்? எனக்கு எழுத வராது. போன்கிட்ட வாயால சொல்லுவேன், அதுவா எழுதிக்கிடும். என் வாய் அதுக்கு அப்படிக் கேக்குது போல.”

“தண்ணி வரலைங்கறதை எதுக்கு ஊருக்கே சொல்லணும்?”

“வந்து பாத்துட்டு ஏசுறதுக்குப் பதிலா, தெரிஞ்சு வந்தா ஆளுக்கொரு குடம் கொண்டாருவாங்கள்ல?”

பதில் சரளமாக வந்தது. சரளமாக வரும் பதில்கள்மேல் அவருக்கு எப்போதுமே நம்பிக்கை இல்லை. கூடத்துக்குள் போய்ப் பார்த்தார். எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது.

“இது?”

“அது என் ரூம் சார்.”

“திறங்க பார்ப்போம்.”

பொன்னுத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கமுதிப் பக்கத்திலிருந்து வந்த முத்திருளாயி என்பவள் இறங்கினாள். உள்ளே அவள் கணவர் சாய்ந்து கிடந்தார். மூக்கில் குழாய். மடியில் எக்ஸ்ரே பை.

“இங்கயாச்சும் இடம் இருக்கா தாயி? விடிஞ்சதுலேர்ந்து அந்தச் சந்தான விலாசத்து வாசல்லயே கெடந்தோம். பூட்டிக் கெடக்கு. மூடி எத்தனையோ மாசமாச்சாம். பக்கத்துக் கடைக்காரர்தான் இங்க போகச் சொன்னாரு.”

“மூடிட்டாங்கன்னு யாரும் சொல்லவேயில்லையே,” என்றார் கோமதிநாயகம். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

“பொய்யா சார் சொல்றேன்?” முத்திருளாயி முந்தானையில் முடிந்துவைத்திருந்த போனை எடுத்து நீட்டினாள். “எம் மக கம்ப்யூட்டர்ல பாத்துத்தான் அனுப்புச்சு. கோமதிநாயகம்னு ஒருத்தரு நேர்லயே போயிப் பாத்து நல்ல எடம்னு போட்டிருக்காராம். பெரிய மனுசன் சொல்லியிருக்காருன்னு நம்பி வந்தோம். அந்தாளு கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

ஆட்டோவுக்குள் அவள் கணவர் இருமினார். இருமல் நிற்க நேரமானது.

பொன்னுத்தாயி தன் அறையைத் திறந்தாள். ஒரு பாய், ஒரு சாமி படம், கொடியில் இரண்டு சேலை. சேலைகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, “இவரை இங்க படுக்க வைங்க. நான் வராண்டாவுல கிடந்துக்கிடுறேன்,” என்றாள்.

கோமதிநாயகம் ஒரு பக்கம் தாங்க, ஆட்டோக்காரர் மறு பக்கம் தாங்க, நோயாளியைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அவர் உடம்பு தீயாகச் சுட்டது. கோமதிநாயகம் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முத்திருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நல்லாயிருப்பீங்க. உங்க பேரு என்னய்யா?”

சொல்லாமலே திரும்பி வந்திருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

“நான்தாம்மா கோமதிநாயகம்.”

அவள் கும்பிட்ட கையைக் கீழே போட்டாள்.

“நீங்க பாத்தப்ப தெறந்திருந்துச்சா?”

“திறந்திருந்துச்சும்மா. சத்தியமா.”

“எப்ப பாத்தீக?”

அவர் வாயைத் திறந்தார். போன வருஷம் என்று சொல்ல வரவில்லை.

வராண்டாவில் பொன்னுத்தாயி போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். “வராண்டாவும் ரொம்பிப்போச்சு. இன்னிக்கி யாரும் இங்க வந்து அலையாதீங்க.”

கோமதிநாயகம் ஊர் திரும்பியதும் நேராக டீச்சரிடம் போனார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பிறகு சொன்னார்:

“சந்தான விலாசத்தை எடுத்துடுங்க. ஓடை இல்லாத எல்லாத்தையும் எடுத்துடுங்க. இனிமே ஓடை இருக்கிறவங்க மட்டும் போதும்.”

“ஓடையில வர்றதெல்லாம் உண்மையா சார்?”

அவர் தயங்கினார். “எப்படிச் சொல்ல முடியும்? எழுதறவங்க மனசுதானே.”

“பொய் வந்தா?”

“போய்ப் பிடிக்கலாம்.”

“சந்தான விலாசம் என்ன பொய் சொன்னாங்க?”

கோமதிநாயகம் யோசித்தார். “ஒண்ணும் சொல்லல.”

“நானும் அவங்களை அப்புறம் கேக்கல,” என்றார் டீச்சர். “உங்க பேரைப் பார்த்தேன், விட்டுட்டேன்.”

டீச்சர் சந்தான விலாசத்தின் பெயரை எடுத்துவிட்டார். மற்ற பக்கங்களை அழிக்கவில்லை. ‘நேரில் பார்த்து உறுதி செய்தவர்: கோமதிநாயகம்’ என்று இருந்த ஒவ்வோர் இடத்திலும், அந்த வரிக்குப் பக்கத்தில், அவர் பார்த்த தேதியைப் போட்டுக்கொண்டே வந்தார். கீழே, ஓடை இருந்த இடங்களில், அன்றன்றைக்கு வந்த வரிகள் நின்றன. ஓடை இல்லாத இடங்களில் அவர் பெயரும் பழைய தேதியும் மட்டும் நின்றன.

கோமதிநாயகம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இத்தனை வருஷம் சந்தேகப்பட்டே பழகிட்டேன், டீச்சர்,” என்றார் கடைசியில். “இந்த வயசுல அதை விட்டுட்டு, வர்ற வரியையெல்லாம் நம்பச் சொல்றீங்களா?”

“இல்ல சார். உங்க சந்தேகத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு இடத்தைப் பார்த்த அன்னிக்கு ஒரு நாள்தான் அது இருந்துச்சு.”