எண்பத்தாறு கல்வாகை

கல்வாகை அந்த ஒரு மலையில்தான் உண்டு. மலை உச்சிக் கோயிலைச் சுற்றி நிற்கும். வேறெங்கே தேடினாலும் கிடையாது.

வெட்டுக்குத் தப்பி மரம் பிழைத்தது என்று தெரியாமல் மலையிறங்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தவர் சொரிமுத்து. பதினோரு வருஷம் ஆச்சு. கோயிலில் அவருக்கு வாய்த்த குரு மரகதத்துக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று காலை சொரிமுத்து துணிமூட்டையோடு வந்து நின்றார்.

"எண்ணிட்டேன் தாயி. நான் வந்தப்போ எண்பத்தாறு, இன்னைக்கும் எண்பத்தாறு. ஒண்ணுலகூட வெட்டு விழலை. ஊருக்குப் போகட்டுமா?"

மரகதம் ஒரு கட்டு மஞ்சள் கயிறு கொடுத்தாள்.

"உங்க இடுப்பைத் தாண்டாத கல்வாகைக்கெல்லாம் ஒண்ணு கட்டிட்டு வாங்க."

சொரிமுத்து மத்தியானம் திரும்பினார். கட்டு பிரியவே இல்லை.

"ஒண்ணுகூட இல்ல தாயி."

"உங்களைவிடக் கொஞ்சம் உயரமா?"

"அதுவும் இல்ல. எல்லாம் ரெண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற மரம்."

"எண்பத்தாறும் கிழடு. உங்க ஊர்ல கிழடு மட்டும் இருந்தா கல்யாணம் யாருக்கு அண்ணாச்சி நடக்கும்?"

சொரிமுத்து மூட்டையைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் மேலேயே பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"ஆடு மேய்ஞ்சிருக்குமோ?"

"வேலி போட்டது யாரு?"

"நான்தான். ஆடு வர முடியாது. அப்போ மான்?"

"அதே வேலிதான."

"விதை மலடோ?"

"தெரியாது. பாத்துருவோம், வாங்க."

கோயிலுக்குப் பின்னால் ஒரு வாரமாகப் பெருக்கிய சருகு குவிந்து கிடந்தது. தினமும் விடியும் முன்னே மரத்தடி முழுக்கப் பெருக்குவார் சொரிமுத்து. ஓர் இலை கிடக்க விடமாட்டார். வாரத்துக்கு ஒருமுறை அதை எரித்து, சாம்பலைச் சலித்துத் திருநீறு ஆக்குவார். அமாவாசைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் பிரசாதம். மலைத் திருநீறு என்றால் கீழே ஊர் ஊராகக் கேட்டு வாங்குவார்கள்.

"கிளறுங்க," என்றாள்.

கிளறினார். அடிச்சருகில் ஈரம் இருந்தது. ஒரு விதை கையில் வந்தது. மேல்தோல் பிளந்து, வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. இன்னொன்று. அடுத்த பிடியில் ஏழு.

"மலடு இல்ல தாயி!" சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். "உசுரோட இருக்கு, பாருங்க!"

மரகதம் பார்த்தாள். பிறகு அவர் நெற்றியைப் பார்த்தாள்.

சொரிமுத்தின் சத்தம் அடங்கியது. கை நெற்றிக்குப் போனது. காலையில் பூசிய திருநீறு விரலில் ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்களும்தான தாயி பூசுனீங்க?" என்றார் கடைசியில்.

"ஆமா. எனக்கும் இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுது."

"நான் வராமலே இருந்திருந்தா?"

"வெட்டுறவன் வந்து வெட்டியிருப்பான். வெட்டாம விட்டிருந்தா நூறு கன்னு நின்னிருக்கும்."

சொரிமுத்து விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் வைத்தார். மேலே சருகை இழுத்து மூடினார். வெயில் சாயும்வரை அதே வேலை. மூட்டை வைத்த இடத்திலேயே கிடந்தது.

பிறகு மரகதத்திடம் வந்தார்.

"நான் இறங்கலை. ஆனா நாலு நாள்ல அமாவாசை. ஜனம் வரும். திருநீறு எங்கேன்னு கேக்கும். கோயில் ஏன் இப்படிக் குப்பையாக் கிடக்குன்னு ஏசும். பெருக்க ஆளாளுக்கு வாரியலைத் தூக்கும். நான் ஒருத்தன் என்னன்னு சொல்லி நிறுத்த?"

"சருகுக்குள்ளே பிள்ளைத்தாய்ச்சி இருக்கான்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் மரகதம். "அதுக்கப்புறம் சத்தமாக்கூடப் பேச மாட்டாவ."