உருவி வந்த கயிறு

"அவளோட ஒரே அடுப்பில இனி என்னால முடியாது, டீச்சர். நடுவில சுவர் எழுப்பவா வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஆவுடையம்மாள் செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. செண்பகவடிவு டீச்சருக்கு முப்பத்தொன்று. சின்னவளிடம் போய் வழி கேட்பதா என்று தெருவில் சிரித்தார்கள். பெரியவர்களிடம் கேட்டு என்ன கிழித்தோம் என்று ஆவுடை திருப்பிக் கேட்டாள். சிரிப்பு நின்றது.

'அவள்' என்றது ஓரகத்தியை. கொழுந்தன் மனைவி, பரிபூரணம். ஒரே வீடு, ஒரே சமையலறை. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஒருத்தி தாளித்துவிட்டு வெளியே வரும்வரை மற்றவள் வாசலில் கரண்டியோடு நிற்பாள்.

வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார்.

டீச்சர் பின்னல் கோலாட்டம் சொல்லித்தருகிறவள். கூடத்தின் உத்தரத்தில் ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து ஆறு கயிறு; சுற்றி ஆட ஆட ஆறும் ஒரே பின்னலாக இறங்கும்.

"பச்சையைப் பிடிங்க, அக்கா."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"பிடிங்க."

மற்ற நாலு கயிற்றையும் ஆட்டம் படிக்க வந்த பெண்கள் பிடித்திருந்தார்கள். சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பரிபூரணம் நின்றாள். முந்தின நாளே வந்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

மூன்று பேர் வலமாகச் சுற்ற வேண்டும், மூன்று பேர் இடமாக. எதிரே வருகிறவளின் கயிற்றுக்கு அடியில் குனிந்து போக வேண்டும். அடுத்து வருகிறவளுக்கு வெளிப்பக்கமாகப் போக வேண்டும். அவள் குனிவாள். மறுபடி குனிய வேண்டும். அவ்வளவுதான்.

ஆவுடை குனியவில்லை.

பரிபூரணத்துக்குக் குனிவதா? அவளுக்கு மட்டும் குனியாவிட்டால் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் யாருக்குமே குனியவில்லை.

அரை மணி நேரத்தில் பின்னல் ஒரு முழம் இறங்கியது.

டீச்சர் ஸ்டூலில் ஏறினாள். கொக்கியில் பச்சைக் கயிற்றின் முடிச்சை மட்டும் அவிழ்த்து விட்டாள். கொடியிலிருந்து நழுவிய சேலை மாதிரி அது சுற்றுச் சுற்றாகத் தரையில் விழுந்தது. மற்ற ஐந்தும் அசையவில்லை.

"பின்னல்ல நீங்க இல்லையே, அக்கா."

மறுநாள் ஆவுடை எல்லோருக்கும் குனிந்தாள். பரிபூரணத்துக்கும் குனிந்தாள். இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் மனசுக்குள் தனக்குத் தானே ஒரு மாலை போட்டுக்கொண்டாள்.

டீச்சர் ஸ்டூலில் ஏறினாள். முடிச்சை அவிழ்த்தாள். இறங்கிவந்து பச்சையின் கீழ் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

பாவாடையிலிருந்து நாடா வருவதுபோல் முழுசாக உருவி வந்துவிட்டது.

"இன்னைக்கும் இல்ல."

"நேத்து குனியலை, விழுந்துது. இன்னைக்குக் குனிஞ்சேன், உருவிட்டீங்க. நான் என்னதான் செய்யணும்?"

"நாளைக்கு வாங்க."

"நாளைக்குக் கொத்தனார் வாராரு."

"ஆறு பேர் வேணும், அக்கா."

ஆவுடைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. குனிந்தாலும் தப்பு, குனியாவிட்டாலும் தப்பு. இவளும் ஒரு டீச்சர். இவளிடம் போன நானும் ஒரு ஆள்.

ஆனாலும் கொத்தனாரைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு பேரும் சுற்றினார்கள். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. நாலு சுற்று சரியாகத்தான் போனது. ஐந்தாவது சுற்றில் சிமெண்ட் மூட்டை நினைப்பு வந்தது. அடுத்தது உள்ளேயா, வெளியேயா?

எதுக்கும் இருக்கட்டும் என்று குனிந்தாள்.

எதிரே பரிபூரணமும் குனிந்தாள்.

மண்டையும் மண்டையும் மோதிக்கொண்டன.

ஆட்டம் நின்றது. மற்ற நாலு பேரும் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

"டீச்சர், இப்ப யாரு குனியணும்?" என்றாள் ஆவுடை.

"எனக்கெப்படித் தெரியும்? நான் ஆடலையே."

ஆவுடை அண்ணாந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. பச்சையும் சிவப்பும் ஒரே மங்கலாகத் தெரிந்தன.

டீச்சர் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

ஆவுடை பரிபூரணத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி."

பரிபூரணம் நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"எனக்குக் கண்ணு தெரியல. போன தடவை யாரு குனிஞ்சான்னு பாரு."

பரிபூரணம் மேலே பார்த்தாள். விரலை நீட்டிப் பின்னலை ஒவ்வொரு கண்ணியாகக் கீழே தொடர்ந்தாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் என்ன சொன்னாலும் ஆவுடை நம்பித்தான் ஆக வேண்டும்.

"பச்சை சிவப்புக்கு அடியில கிடக்கு, யக்கா. நீங்கதான் குனிஞ்சிருக்கீங்க."

"அப்ப இப்ப?"

"இப்ப நான்."

பரிபூரணம் குனிந்தாள்.

ஆவுடை தன் கயிற்றை ஒரு சாண் உயர்த்திப் பிடித்தாள்.