காசு வாங்காத மூவர்

சங்கரன்கோவிலில், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஆவுடையம்மாளின் டைப்பிங் கடையில் ஒரு பழைய கணினி இருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும், அதற்குள் காசு வாங்கிக்கொண்டு குடியிருந்த இயங்குதளம் ஒரு நாள், "உனக்கு வயசாயிட்டு. இனி உன்னோட குப்பை கொட்ட முடியாது" என்று கையை விரித்துவிட்டது.

மருமகன் கோமதிநாயகம் மூன்று பென்டிரைவ்களில் மூன்று இலவச இயங்குதளங்களைக் கொண்டுவந்தான். "எல்லாம் யூனிக்ஸ் வம்சம், அத்தே. சல்லிக்காசு வேண்டாம். ஏதாவது ஒண்ணு போதும்."

"சாயங்காலம் ஒரு கிரயப் பத்திரம் அடிக்கணும். முடியலைன்னா இதைப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

கணினிக்குப் பகீரென்றது.

"நான் அன்றாடம் புதுசாகிறவன்!" என்று முதல் பென்டிரைவிலிருந்து குதித்தது புதுவெள்ளம்.

"அதான் அன்றாடம் விழுந்து எந்திரிக்கே" என்றது இரண்டாவதில் இருந்த நெடுங்குலம். "நான் ஆதி யூனிக்ஸின் நேர் வாரிசு. நீங்கள்லாம் பார்த்துக் காப்பியடிச்ச பயலுவ."

"வைஃபை பிடிக்கத் தெரியாத வாரிசு!" என்றது மூன்றாவதில் இருந்த கைவண்ணம். "என்கிட்ட ஒவ்வொரு செங்கலையும் நீயே அடுக்கணும். அப்பத்தான் அது சொந்த வீடு."

"அண்ணாச்சி," என்றது கணினி மெதுவாக, "அம்மா விரலுக்குப் பழைய டைப்ரைட்டர் விசை வரிசைதான் பழக்கம். அது உங்ககிட்ட..."

"சும்மா கெட! கொள்கை பேசிக்கிட்டிருக்கோம்."

பிரிண்டர் தலையை நீட்டியது. "என் கம்பெனிக்காரன் பூட்டிக் குடுத்த டிரைவர் மென்பொருள் இருந்தாத்தான் நான் ஓடுவேன். எனக்காவது ஒரு வழி..."

"உள்ள என்ன இருக்குன்னு திறந்து காட்டாத ஆளோட எங்களுக்குப் பேச்சே கிடையாது!"

பிறகு ஒன்று ஏறியது. அடுத்தது வந்து அதை அழித்துவிட்டு ஏறியது. மூன்றாவது வந்து அதையும் துடைத்தது. மத்தியானம் முழுக்க இதே கூத்து.

சாயங்காலம் ஆவுடையம்மாள் வந்து உட்கார்ந்தாள். முப்பது வருஷம் பத்திரம் அடித்த விரல்கள். சரசரவென்று அடித்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் வாயில் நுழையாத எழுத்துக்கூட்டம்.

அந்த டைப்ரைட்டர் விசை வரிசை மூன்றின் வயிற்றிலும் இருந்தது. எடுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அன்றைக்கு முதன்முதலாக மூன்றும் ஒரே குரலில் சொன்னது வேறு:

"விரலை மாத்திக்கோங்கம்மா!"

அவள் எழுந்து போய்த் தெருவில் இரும்புக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

தராசுக் கொக்கியில் தொங்கிக்கொண்டே கணினி கத்தியது:

"காசு கேக்கல, சரி! என்ன வேணும்னுகூடவாடா கேக்கக் கூடாது?"