நீர்நாய் பின்னிய மீன்கூடு

ஒரு காட்டில் கோடை வந்ததும் ஓடை சுருங்கிவிட்டது, குழந்தைகளே. மீன்கள் எல்லாம் பாறை இடுக்குகளில் ஒளிந்துகொண்டன. அங்கே வாழ்ந்த நீர்நாயின் குட்டிகள் பசியில் அழுதன.

நீர்நாய் மூங்கிலைக் கீறி ஒரு கூடு பின்னியது. வாய் அகலம், கழுத்து குறுகல். உள்ளே போன மீனுக்கு வெளியே வர வழி தெரியாது. குட்டிகளின் வயிறு நிறைந்தது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் பார்த்திராத புதுப்பொருளைச் செய்தவர் யானையிடம் பதிவு செய்துகொள்ளலாம். அதன்பின் அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது, பயன்படுத்தவும் கூடாது.

“முதலில் யானையைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றது அதன் துணையான பெண் நீர்நாய்.

“நான் செய்தது என்று காட்டுக்கே தெரியப்போகிறது. பதிவு எதற்கு?” என்றது நீர்நாய்.

அது கூட்டை ஓடைக்கரையில் வைத்து எல்லோருக்கும் காட்டியது. மான்கள் பார்த்தன. குரங்குகள் பார்த்தன. நரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, அந்தக் கழுத்தை எப்படிப் பின்னினீர்கள்? எனக்கு அறிவு கொஞ்சம் மட்டு” என்றது நரி.

நீர்நாய்க்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்தைப் பிரித்து, மறுபடி பின்னிக் காட்டியது.

சில நாட்களில் நரி ஓடைக்கு வந்தது. அதன் கையில் யானையின் முத்திரை பதித்த ஒரு கூடு இருந்தது.

“இது என் பெயரில் பதிவாகிவிட்டது. இனி நீங்கள் கூடு வைத்தால் பிடிக்கிற மீனில் பாதி எனக்கு” என்றது.

“இது நான் செய்தது.”

“இருக்கலாம். முத்திரை என்னிடம் இருக்கிறது.”

அன்று குட்டிகளுக்குப் பாதி வயிறுதான் நிறைந்தது. நீர்நாய் சாட்சிகளை அழைத்துக்கொண்டு யானையிடம் போனது.

“நீர்நாய் காட்டியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இப்போது எங்களுக்கே பின்னத் தெரியும்” என்றன குரங்குகள்.

யானை நரியைப் பார்த்தது. “புதிது என்று சொன்னாயே?”

“எனக்குப் புதிதாகத்தான் இருந்தது, ஐயா.”

யானை நரியின் பதிவை ரத்து செய்தது. நீர்நாய் நிம்மதியாக மூச்சுவிட்டது.

“அப்படியே என் பெயரில் பதிந்துவிடுங்கள், ஐயா.”

“எதைப் பதிவது? காடே பார்த்த பொருள் புதுப்பொருள் ஆகாது. நீ காட்டிய அன்றே அது பொதுவாகிவிட்டது” என்றது யானை.

“நான்தானே காட்டினேன்?”

“ஆமாம். அதற்குத்தான் இத்தனை சாட்சிகளைக் கூட்டிவந்திருக்கிறாய்.”

நீர்நாய் வீடு திரும்பியது. மறுநாள் ஓடை முழுவதும் கூடுகள். குரங்குகள் ஒன்று வைத்தன. கொக்கு ஒன்று வைத்தது. நரி இரண்டு வைத்தது.

ஒரு குரங்கு நீர்நாயிடம் வந்தது. “அண்ணே, எனக்குக் கழுத்து சரியாக வரவில்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.”

நீர்நாய் பார்த்துச் சொன்னது.

மழைக்காலத்தில் நீர்நாய் வேறொன்று செய்தது. தேக்கு இலைகளால் அதை மூடி முதுகில் சுமந்துகொண்டு போனது.

“என்ன அண்ணே அது?” என்றது வழியில் நின்ற நரி.

“இலை” என்று சொல்லிவிட்டு, யானையின் இடத்தை நோக்கி நடந்தது நீர்நாய்.

நீதி: உன் அறிவில் விளைந்ததை ஊருக்குக் காட்டும் முன்பே, சட்டப்படி உன் பெயரில் பதிவு செய்துகொள்.