கரிக்காற்றுப் புட்டு

நான் பெரிய அறிவாளி என்று ஊருக்குள் ஒரு வதந்தி உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான். அதனாலேயே ஒருமுறை நாட்டை விட்டு ஓடவேண்டிய நிலைமை வந்துவிட்டது, கேளுங்கள்.

எங்கள் ராஜா இளவழுதியின் அரண்மனைக்குப் பின்னால் பெரிய இரும்பு உலை இருந்தது. புகையில் வரும் கரித்தூளைத் துணி கட்டித் தடுத்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாத கரிக்காற்று மட்டும் ஜோராக மேலே போய்க்கொண்டிருந்தது. அது நாட்டையே சூடாக்குகிறது என்று யாரோ சொல்ல, ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அந்தக் காற்றைப் பிடிக்க ஆளே இல்லையா?" என்று சபையில் கத்தினார்.

பண்டிதர் திருமேனிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எழுந்தார். "நம் மாசிலாமணி இருக்கிறாரே, மகாராஜா! பெயரிலேயே மாசு இல்லாதவர். அவரே பிடித்துத் தரட்டும்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "மாசிலாமணி! பௌர்ணமிக்குள் அந்தக் காற்றைப் பிடித்து என் கையில் கொடு. இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பு."

"அதற்கென்ன, மகாராஜா!" என்றேன். என் நாக்கு என்னைக் கேட்டு எதையும் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்து மூட்டை கட்டினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "மூட்டையை அப்புறம் கட்டலாம். புட்டு வெந்தாச்சு, வந்து சாப்பிடுங்க."

நாடே போனாலும் எனக்குப் பசி போகாது. உட்கார்ந்தேன். அவள் குழலைத் தட்டினாள். உதிரியாகப் போட்ட ஈரமாவு கட்டியாக வந்து விழுந்தது.

"கீழேருந்து ஏறின ஆவி எங்கே போச்சு?" என்றேன்.

"மாவுக்குள்ளேதான். வேற எங்கே போகும்?"

எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் சாப்பாடு. அதை நம்பி உலைக்கு ஓடினேன்.

அங்கே இரும்பு உருக்கி மிஞ்சிய கசடு குவிந்து கிடந்தது. யாருக்கும் வேண்டாத குப்பை, என்னைப் போல. அதைப் பொடித்து, தண்ணீர் தெளித்துப் பிசிறி, மண்குழாயில் அடைத்து, உலைப்புகையை அதன் வழியே விட்டேன். பக்கத்திலேயே காவல் கிடந்தேன். சில நாளில் குழாயை உடைத்தால் உள்ளே புட்டு மாதிரி கட்டியாக ஏதோ இருந்தது. பழக்கதோஷம், கடித்துப் பார்த்தேன். ஒரு பல் போயிற்று. கல்!

பௌர்ணமியன்று அதை ராஜாவின் கையில் வைத்தேன். "காற்று, மகாராஜா."

"கல்லைக் கொடுத்துக் காற்று என்கிறாரே!" பண்டிதர் துள்ளினார்.

ராஜாவைப் பார்க்கப் போகும்போது எலுமிச்சம்பழம் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அந்தப் பழத்தை முதலில், கையோடு கொண்டுபோயிருந்த வெறும் கசட்டின்மேல் பிழிந்தேன். சும்மா கிடந்தது. பிறகு கல்லின்மேல் பிழிந்தேன். புஸ்ஸென்று நுரைத்தது.

"பிடிபட்ட காற்று தப்பி ஓடப் பார்க்கிறது, மகாராஜா."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "குப்பையும் தீர்ந்தது, கோட்டைக்குக் கல்லும் கிடைத்தது!"

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. "இவர் எந்தக் குருவிடம் கற்றார் என்று கேளுங்கள், மகாராஜா! ஓர் எழுத்தாவது கற்றிருக்கிறாரா?"

"பண்டிதர் சொல்வது சத்தியம்," என்றேன். "அந்த உலையில் காற்றுகூடக் கல்லாகிவிட்டது. பக்கத்திலேயே கிடந்த நான்தான் இன்னும் கல்லாதவன்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிப் பண்டிதர் மடியில் விழுந்தது. முத்துமாலை என் கழுத்தில் விழுந்தது.