வெற்றுத்தரையில் ஒரு மரப்பட்டறை

சரிவுக்காட்டில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். கோடை பிறந்தாலே அவளுக்குத் தூக்கம் போய்விடும். மலையடிப் புல்வெளியில் ஆண்டுதோறும் தீப்பிடிக்கும். பிடித்தது மேலே ஏறி வரும். முள்ளியின் வளை மேட்டில் இருந்தது. வளைக்குள் இரண்டு குட்டிகள், இன்னும் முள் கெட்டிப்படாதவை.

சரிவின் நடுவே குறுக்காக ஒரு வெற்றுத்தரை நீண்டு கிடந்தது. மாசி மாதம் காட்டுமாடுகள் கூட்டமாக வந்து, அங்கே முளைத்த புல்லையெல்லாம் மிதித்து மண்ணாக்கிவிட்டுப் போகும். அது அவற்றின் வழக்கம். தீ அதுவரை வரும். தின்ன ஒன்றும் இல்லாமல் அங்கேயே படுத்துவிடும்.

ஆனால் போன கோடையில், கீழே பட்டுப்போய்க் கிடந்த மரங்கள் எரிந்து ஒரு பொறி பறந்து வந்து வளை வாசலில் விழுந்தது. முள்ளி மண்ணை வாரிப் போட்டு அணைத்தாள். கையோடு புலி அரசரிடம் போனாள்.

"கீழே எல்லாம் காய்ஞ்ச மரமாக் கிடக்குது, ராசா. அதை அப்புறப்படுத்தினாத்தான் நாங்க பிழைப்போம்."

புலி யோசித்தது. "சும்மா வந்து தூக்கு என்றால் யார் வருவார்கள்? அதில் ஒரு பிழைப்பு இருக்க வேண்டும். மரங்கொத்திகளுக்கு அந்தச் சரிவிலேயே ஒரு பட்டறை வைத்துக் கொடுப்போம். காய்ந்த மரத்தைக் குடைந்து பொந்து செய்யட்டும். கூடில்லாத பறவைக்கு வீடும் ஆச்சு, தீக்கு இரை இல்லாமலும் போச்சு."

சபை தலையாட்டியது. முள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது.

இடம் பார்க்கக் கரடி அமைச்சர் வந்தார். எங்கு பார்த்தாலும் புதர். மூச்சிரைக்க ஏறி வந்தவர், வெற்றுத்தரையைக் கண்டதும் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார்.

"இது யார் இடம்?"

"யாருதும் இல்லைங்க," என்றான் மரங்கொத்திகளின் தலைவன் கொண்டையன்.

"அப்போ புறம்போக்கு. இங்கேயே போட்டுடலாம். தீ கீ வருமா?"

பதில் சொன்னது முள்ளிதான். கைக்கெட்டிய பட்டறை நழுவிவிடுமோ என்று அவளுக்குப் பதைப்பு. "எனக்குத் தெரிஞ்சு இந்த இடம் எரிஞ்சதே இல்லைங்க."

அது பொய்யில்லை. ஏன் எரியவில்லை என்று கரடி கேட்கவில்லை. முள்ளியும் நினைத்துப் பார்க்கவில்லை.

பட்டறை வந்தது. யானைகள் காய்ந்த மரங்களை இழுத்து வந்து குவித்தன. யானை ஒரு மூச்சில் கொண்டு வரும் மரத்தைக் குடைந்து முடிக்க மரங்கொத்திக்கு நாள்கணக்காகும். குவியல் உயர்ந்துகொண்டே போனது. சுற்றிலும் மரச்சீவல் மெத்தை போட்டது போலப் பரவியது.

மாசியில் காட்டுமாடுகள் வந்தன. கூட்டத்தின் மூத்தவன் பாறையன் குவியலைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"எங்கேம்மா மிதிக்கிறது? கால் வைக்க இடமில்லையே."

"இனி எதுக்குண்ணே மிதிக்கணும்? அதான் பட்டறை வந்துடுச்சே," என்றாள் முள்ளி.

"அதுவும் சரிதான். எங்களுக்குக் கால்வலி மிச்சம்."

கூட்டம் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனது.

சித்திரையில் தீ வந்தது. கீழே மரங்கள் முக்கால்வாசி போயிருந்ததால் இந்த முறை மெலிந்துதான் வந்தது. அரசரின் கணக்கு தப்பவில்லை. புல்லை மட்டும் மேய்ந்து, நோஞ்சானாகி, தள்ளாடித் தள்ளாடி நடுச்சரிவுக்கு வந்தது. அங்கே அதற்கு விருந்து காத்திருந்தது. சீவலைத் தொட்டது, குவியலில் ஏறியது, பனை உயரம் நின்று எரிந்தது. அதுவரை தீயையே பார்த்திராத மேட்டுப்புதர் பற்றிக்கொண்டது.

முள்ளி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடினாள். பாறை இடுக்கில் விட்டுவிட்டுத் திரும்பினால், வளை வாசலை நெருங்க முடியவில்லை. தணல் ஆறிய பிறகு தோண்டினாள். மற்ற குட்டி, வளையின் கடைசி மூலையில் சுருண்டு கிடந்தது. நெருப்பு அதைத் தொடவே இல்லை. புகை போதுமாக இருந்தது.

சபை கூடியது.

"யானைதான் அளவில்லாமக் குவிச்சுது," என்றான் கொண்டையன்.

"குவிக்கச் சொன்னது நீதானே?" என்றது யானை.

"பட்டறையே வேண்டாம், இழுத்து மூடிவிடலாம்," என்றார் கரடி அமைச்சர்.

புலி முள்ளியைப் பார்த்தது. "நீ சொல்லு. மூடிவிடட்டுமா?"

மிச்சமிருந்த குட்டி அவள் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டிருந்தது.

"மூடிட்டா அடுத்த கோடைக்குக் கீழே மறுபடி மரம் குமியும், ராசா. பட்டறை இருக்கட்டும். ஆத்து மணலுக்குக் கொண்டு போங்க. யானைக்கு நடை கூடும், அவ்வளவுதான். அந்தத் தரையை மாடுகளுக்கே விட்டுடுங்க. அது சும்மா கிடந்த இடமில்லை. என் பிள்ளைங்களுக்குக் காவலாக் கிடந்த இடம்."

யானை சரியென்று துதிக்கையைத் தாழ்த்தியது. பட்டறை ஆற்றங்கரைக்குப் போனது.

நல்ல திட்டமே ஆனாலும், ஓர் இடம் வெறுமையாக இருக்கிறதே என்று அதில் கால் ஊன்றும் முன், அதை வெறுமையாக வைத்திருப்பது யார், எதற்காக என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.