வீணை நிற்கட்டும்

"கையெழுத்துப் போடும்மா. எல்லாரும் இந்த இன்சூரன்ஸ்ல சேரணும்னு முதலாளி உத்தரவு," என்று காப்பீட்டு அதிகாரி பேனாவை நீட்டினார். பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வரிசையில் நின்றார்கள்.

"வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்குதுங்க சார். அந்தச் செலவு இதுல கிடைக்குங்களா?" என்றாள் பூவாத்தாள்.

"எதுன்னாலும் போன்ல கேளு. உடனே சொல்லுவாங்க."

அவள் படிவத்திலிருந்த எண்ணை அங்கேயே ஸ்பீக்கரில் அழைத்தாள். புதிதாகச் சேர ஒன்றை, சிகிச்சைப் பணம் கேட்க இரண்டை அழுத்தச் சொன்னது பதிவுக் குரல். ஒன்றை அழுத்தியதும் ஒரு பெண் "வணக்கம் மேடம்" என்றாள். பூவாத்தாள் துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தாள். இந்த முறை இரண்டை அழுத்தினாள். வீணை இசை வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"லைன் பிஸி," என்றார் அதிகாரி.

"சேர்றதுன்னா மட்டும் பிஸி இல்லீங்களே. வீணை நிக்கட்டும், போடறனுங்க. அதுவரைக்கும் நீங்களும் என்கூட நில்லுங்க."

அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வீணை நிற்கவில்லை. வரிசையில் அடுத்து நின்ற ரங்கநாயகி அவர் கையிலிருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தாள்.